பச்சை மை

கோப்பு ஹெல்லாவின் மேசைக்குத் திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது. "பச்சை மையில் எழுதியது யார்? நேரில் வரவும்." அதுவும் பச்சை மையில்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடகடலோர மாவட்ட அலுவலகத்துக்குப் புதுத் தலைவராக வந்த ஆலர்ஸ், மூன்று மாதத்துக்கு முன்பு ஊழியர் கூட்டத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசினாரே! "அனுமதிக்குக் காத்திருக்காதீங்க. தப்பு பண்ணுங்க, பரவாயில்ல. நான் பின்னாடி நிக்கிறேன்." இருபத்திரண்டு வருட வேலையில் அப்படியொரு பேச்சை ஹெல்லா கேட்டதில்லை. நம்பித் தொலைத்தாள்.

ஊனமுற்றோருக்கான வண்டி நிறுத்தும் அட்டை கேட்பவர்களுக்கு அலுவலகம் அனுப்பும் கடிதம் நாலு பக்கம், முழுக்கச் சட்டப்பிரிவு. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் ஒளிந்துகிடக்கும். ஒரு காலை இழந்த பிரோடர்சன், அட்டை இல்லாமல் வண்டியைப் பக்கத்தில் நிறுத்த முடியாதென்று ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி வந்து, புகைப்படம் இல்லையென்று திரும்பினார். அடுத்த முறை மருத்துவச் சான்று இல்லை. இரண்டு முறையும் "போய்ட்டு வாங்க" என்று சொன்னது அவள் வாய்தான். அன்றைக்கே உட்கார்ந்து கடிதத்தை ஒரு பக்கமாக்கி, கொண்டுவர வேண்டியதை மேலே மூன்று வரியில் போட்டு அனுப்பத் தொடங்கினாள். அதன்பின் வெறுங்கையோடு ஒருவரும் திரும்பவில்லை. பெருமையாகப் பிரதியைக் கோப்பில் வைத்துத் தலைவருக்கு அனுப்பும்போது, ஓரத்தில் குறிப்பெழுதக் கைக்குக் கிடைத்த பேனாவை எடுத்தாள். பச்சை தலைவருக்கு மட்டுமே உரிய நிறம் என்பது அந்த நேரத்தில் மறந்தே போயிற்று.

"பச்சை என்னோடதுன்னு தெரியாதா மேடம்? நானே ஒப்புதல் குடுத்த மாதிரில்ல இருக்கு!" என்றார் ஆலர்ஸ்.

"தப்புதான் சார். கடிதத்தைப் படிச்சீங்களா?"

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"கேக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது பொதுவாச் சொன்னது. முயற்சி எடுங்க, வேணாங்கல. எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க."

"ஒத்தக் கால் மனுஷன் ரெண்டு தடவ வெறுங்கையோட போனாரு சார்."

"இப்போதைக்குப் பழைய கடிதமே போகட்டும்."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் 'துணிந்து செய்வோம்' என்று சுவரொட்டி சிரித்தது. காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

மேசைக்கு வந்து பழைய கடிதத்தை அச்செடுத்தாள். முதல் கடிதம் பிரோடர்சனின் ஊரிலேயே ஒரு பெண்ணுக்கு. அதே இரண்டு பஸ். ஹெல்லா இழுப்பறையைத் திறந்து அந்தப் பேனாவை எடுத்தாள். கடிதத்தின் தலையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: புகைப்படம். மருத்துவச் சான்று. அடையாள அட்டை.

பச்சை மை காய ஊதிவிட்டு, அடுத்த கடிதத்தை இழுத்தாள்.