ஓநாய்க்குச் சோறு போட்ட குட்டிகள்

திங்கட்கிழமை பழைய கதை, வெள்ளிக்கிழமை அதே கதை புதுசாக. சங்கமித்ரா மிஸ் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் விதம் அது. பழைய கதையில் ஓநாய் காலில் வெள்ளை மாவு பூசிக் காட்டி, அம்மா ஆடு மாதிரிப் பேசிக் கதவைத் தட்டும். திறந்த குட்டிகளை விழுங்கிவிடும். பிஞ்சு மனசு பயந்துவிடுமாம். அதனால் வெள்ளிக்கிழமைக் கதையில் குட்டிகள் கதவைத் திறந்து சோறு போட்டன, ஓநாய் திருந்திவிட்டது. பிள்ளைகள் கைதட்டியதில் மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மிஸ் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, மகாவின் பக்கத்து வீட்டு ரோஹன் எழுந்தான்.

"மகாவுக்கு ஜுரம் மிஸ், வரல. அவங்க அப்பா வந்தா கதவைத் திறந்து சோறு போடுவாளாம். அவரும் நல்ல ஓநாய் ஆயிடுவாராம்."

அந்த அப்பன் உமேஷ் குடித்துவிட்டு அடித்ததில்தான் மகாவின் அம்மா சரசுவுக்குக் கை முறிந்தது. அவனிடம் பிள்ளையைக் கொடுத்துடாதீங்க மிஸ் என்று சரசு பள்ளிக்கு வந்து அழுதிருக்கிறாள். இப்போது அவள் பொம்மசந்திரா பேக்டரியில் ஷிப்டில் இருப்பாள். போனை அங்கே வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காய்ச்சலோடு பிள்ளை வீட்டில் தனியாகக் கிடக்கும்.

வகுப்பை ஆயாவிடம் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "உமேஷ் இப்பத்தான் வந்து கேட்டான் மிஸ்," என்றான் வாட்ச்மேன் மஞ்சுநாத், சாவகாசமாக. "பாப்பா வீட்ல இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அடப்பாவி, அவனைத் திட்டக்கூட நேரமில்லை. மகாவின் வீடு இருக்கும் மர்பி டவுன் சந்துக்குள் ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்றார். இறங்கி ஓடினாள். பெரிய மேதாவி, கதையை மாற்ற வந்துட்டே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாசலில் பீடித் துண்டு ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

"மகா, மிஸ் வந்திருக்கேன். அப்பா உள்ள இருக்காரா கண்ணு?"

"இல்ல." சன்னமான குரல். "தட்டினாரு. அழுதாரு. சோறு போடலாம்னுதான் எழுந்தேன். பயமா இருந்துச்சு, திறக்கல. போயிட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது சங்கமித்ராவுக்கு. "நல்ல காரியம் பண்ணினே. மிஸ்ஸுக்குத் திறம்மா."

"கையைக் காட்டுங்க."

ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினாள். காலையிலிருந்து எழுதிய சாக்பீஸ் தூள் விரலெல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது.

மகா அந்த வெள்ளையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாள்.

"நீங்கதானே மிஸ் ஓநாய்க்குத் திறக்கச் சொன்னீங்க," என்றாள் மகா. "அம்மா வரட்டும்."

சங்கமித்ரா மறுபடி தட்டவில்லை. சந்து முனையைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தாள். சரசு வரும்வரை எழுந்திருக்கவில்லை.