கமலவேணி அழித்த தழும்பு

மலாக்கா தெருவில் ஒரு மாதிரி, ஸ்டூடியோவுக்குள் ஒரு மாதிரி. தெருவில் இந்த ஊர் மீன் விலைக்கு மூன்று பாஷையில் சண்டை போடும். சண்டை முடியும் முன்னே அதே ஆளிடம் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும். அந்த ஆட்களே ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிணம் போல விறைத்துவிடுவார்கள்.

ஸ்டூடியோக்காரன் பாலகிருஷ்ணனுக்குத் தெரு முகத்தின் மேல்தான் பைத்தியம். காமிராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, அறுந்த பித்தானைத் தேடுகிறவன் போலக் குனிந்தபடி ஆற்றங்கரையிலும் பசாரிலும் அலைவான். படத்தில் விழுந்தவருக்கே விஷயம் தெரியாது. சோறு போட்டதென்னவோ ஸ்டூடியோ முகம்தான். அதை அழகாக்குவது மனைவி கமலவேணியின் வேலை. நெகட்டிவை வெளிச்சத்துக்கு முன்னால் நிறுத்தி, ஊசியாய்ச் சீவிய பென்சிலால் அம்மை வடு, கருவளையம் எல்லாவற்றையும் நிரவிவிடுவாள். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் அவள் கை பட்டால் போதும் என்று ஊருக்கு வெளியே பாச்சாங் வரைக்கும் பேர்.

கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் இறங்க, அவசரகாலம் வந்தது. எல்லோருக்கும் அடையாளக் கார்டு என்றது சர்க்கார். படம் எடுக்க வந்த கூட்டத்தில் கடை வாசல் தாங்கவில்லை. கமலவேணியின் கைப்பழக்கம் சும்மா இருக்குமா? குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்து முனியாண்டிக்குக் காதிலிருந்து தாடை வரை ஒரு வெட்டுத் தழும்பு. நல்ல முகத்தில் இது எதற்கு என்று அதையும் அழித்துவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். தோட்டத்து வாசலில் நிற்கும் போலீஸ்காரர்களுக்கு முனியாண்டி பழகிய ஆள். அங்கே கார்டை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு முனியாண்டியின் மனைவி காளியம்மா தலைவிரிகோலமாக வந்து நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர நேத்து ரோட்டுல மறிச்சுப் புடிச்சிட்டாங்க. கார்டுல இருக்கறது இவரு இல்லையாம். செத்தவன் கார்ட எடுத்துக்கிட்டுக் காட்டுலேருந்து வந்தவன்னு சொல்றாங்க லா. காட்டு ஆளுன்னு முடிவு பண்ணிட்டா தூக்குதானாம், கங்காணி சொல்றாரு."

"தோட்டத்துத் துரை வந்து சொல்லக் கூடாதா?"

"அவரு போன மாசந்தான் வந்தாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டாரு."

 பாலகிருஷ்ணன் கமலவேணியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான்.

"வாயத் தொறக்காத, வேணி. சர்க்கார் கார்டுல கை வச்சது நாமன்னு தெரிஞ்சா நம்மளையும் தூக்கி உள்ள போட்ருவான். கேள்வி முறையே கிடையாது."

"அப்ப அந்த மனுஷன்?"

அவன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அவனைக் கோழை என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த வருஷத்தில் மலாக்காவில் தைரியசாலி யார் இருந்தார்? சிரித்துக்கொண்டிருந்த ஊர் தரையைப் பார்த்து நடந்தது. பக்கத்தில் நிற்பவன் போலீஸுக்குச் சொல்கிறவனா, காட்டுக்குச் சொல்கிறவனா என்று தெரியாமல் காப்பிக் கடையில்கூட வாய் மூடிக் கிடந்தது. பாலகிருஷ்ணன் காமிராவை வெளியே எடுத்து மாதக்கணக்காயிற்று. பழைய தெருப் படங்களையெல்லாம் ஓர் உறையில் போட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்.

கார்டுப் பட நெகட்டிவ்களை இடம் போதாமல் எப்போதோ எறிந்தாயிற்று. தழும்பு நிஜம் என்று காட்ட அந்த உறைதான் மிச்சம். கமலவேணி அதை எடுத்து அவசரமாகப் புரட்டினாள். மேலேயே கிடைத்தது படம். ஜப்பான்காரன் தோற்றுப் போனபோது பசார் வாசலில் கட்டிய அலங்கார வளைவு. அதன் கீழே மகனைத் தோளில் வைத்துக்கொண்டு முனியாண்டி, பக்கத்தில் காளியம்மா. கன்னத்துத் தழும்பில் வெயில் விழுந்திருந்தது. மற்றதைப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. உறையோடு மடியில் செருகிக்கொண்டு காளியம்மாவோடு கிளம்பினாள். பாலகிருஷ்ணன் வாசல் வரை வந்து நின்றுவிட்டான்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி முன்பு வேறொரு தோட்டத்தில் துரைக்கு அடுத்த சின்னதுரையாக இருந்தவர். தமிழ் தெரியும், மரியாதை தெரியாது. காளியம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கமலவேணியை மட்டும் உள்ளே விட்டார். அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தைப் பார்த்தார். முனியாண்டியை வரவழைத்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அடிபட்டு அவனுக்கு ஒரு கண் மூடியிருந்தது. கமலவேணியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"சரி. இவன்தான்" என்றார் அதிகாரி. அவனைத் திரும்ப உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, விடுதலைத் தாளை எடுத்தார்; பேனாவைத் திறந்தார். கமலவேணிக்கு உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவர் உறையை மேசை மேல் கவிழ்த்தார்.

"உன் புருஷன் நல்லாத்தான் படம் புடிக்கிறான். இது யாரு?"

பாலத்தடியில் கச்சான் கடலை விற்கும் பெரியதம்பி. அவன் தம்பி காட்டுக்குள் போய்விட்டதாகப் பேச்சு. பேரைச் சொன்னால் அவன் வீட்டு வாசலில் போலீஸ் லாரி நிற்கும்.

"தெரியாது, துரை."

"இது?"

காப்பிக் கடைச் சீனர். தினம் கடன் சொல்லிக் காப்பி குடிக்கும் இடம்.

"தெரியாது, துரை."

ஊரில் பாதி முகத்தின் மருவும் மச்சமும் அவளுக்கு மனப்பாடம். எவனையும் காட்டிக் கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் படத்தையே பார்க்கவில்லை. தாளின் மேல் நின்ற பேனா முனையை மட்டும் பார்த்தாள். கையெழுத்து விழுந்தால் போதும்.

"இது யாரு?"

"தெரியாது, துரை. கண்ணால பாத்ததுகூட இல்ல."

 அதிகாரி படத்தை அவள் பக்கமாகத் திருப்பி, விரலால் தட்டினார்.

பசாரில் ஒரு பெண், பயற்றங்காய்க் கட்டை இடுக்கிக்கொண்டு, மீன்காரன் சொன்ன எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாலகிருஷ்ணன் எப்போது எடுத்தானோ, அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே கமலவேணிக்கு அன்றுதான் தெரிந்தது.

"துரை... அது நாந்தான்" என்றாள். 

"சொந்த மூஞ்சிக்கே பொய் சொல்றே. அப்ப தழும்புக் கதையும் பொய்தான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். படங்களைக் கூட்டி உறைக்குள் போட்டு, உறையை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார். கமலவேணியின் பின்னால் ஒரு போலீஸ்காரன் வந்து நின்றான்.

வாசலில் உட்கார்ந்திருந்த காளியம்மா எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எப்ப விடுறாங்களாம்?"