ஒன்பது தரம் திறந்த பெட்டி

1

“மச்சான், மூச்சு விடாதீங்க! ஈயம் நடுங்குது!”

மர்ளியாவின் கையில் சோல்டரிங் அயன் புகைந்தது. ஒரு துளி வழுக்கினால் பக்கத்து இணைப்பிலும் ஒட்டும், பெட்டி கருகும். கல்பிட்டிக் காற்று யன்னலை அறைந்தது. அப்போதுதான் அந்தக் கறுத்த மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து—

(வெட்டுகிறேன். மோட்டார் சைக்கிள் எதுவும் வரவில்லை. இருபது வருடம் வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதிய கை. மூன்றாம் வரியில் யாரையாவது வாசலுக்கு அனுப்பிவிடும்.)

உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கதை தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும், முடியாத ஒரு சுஜூதிலிருந்து பிறந்தது. மர்ளியா என் மனைவி நஃபீஸாவின் தங்கை. தான் கட்டிய அம்பிளிபயர் பெட்டியை ஒன்பதாவது தரம் திறந்து வைத்துக் குறை தேடுகிறாள்.

2

நோன்புப் பெருநாள் காலை. எங்கள் ஊரில் பெண்கள், பள்ளிவாசலை ஒட்டிய மதரசா மண்டபத்தில் தொழுவார்கள். இமாமைக் காண முடியாது, குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் கொண்டுபோனது மர்ளியாவின் பெட்டி. ஆறு மாத வகுப்பில் படித்து, பழைய ரேடியோக்களைப் பிரித்து, அவள் கட்டிய முதல் பெட்டி.

இரண்டு சுற்றுத் தொழுகையில் முதல் ரக்அத்தின் கடைசி சுஜூது. எண்பது பெண்கள் நெற்றியை நிலத்தில் வைத்தார்கள். எழும்பச் சொல்லும் தக்பீர் வரவில்லை. காற்றின் இரைச்சல் மட்டும். முதலில் தலையைத் தூக்க ஒருத்திக்கும் துணிவில்லை. நாலு நிமிடம்! பெட்டி தானாக உயிர்த்தபோது இமாம் தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ட துஆ எல்லாம் முடிஞ்சி, பக்கத்து வீட்டாளுக்கும் சேத்துக் கேட்டுட்டன்” என்றாள் நஃபீஸா.

பள்ளித் தலைவர் ஹாசிம் ஹாஜியார் சிரிக்கவில்லை. “தங்கச்சி, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி குறை என்னெண்டு எழுத்தில தரணும். இல்லாட்டி சிலாபத்தில பெட்டி வாங்குவம். பொறகு பள்ளி வயர்ல உங்கட கை படப்படாது.”

3

அதற்குப் பிறகுதான் நான் இந்த வித்தையைப் படிக்கத் தொடங்கினேன். கதைக்காக என்று சொன்னேன். (அது பொய். காரணம் பிறகு.)

“சின்னச் சத்தத்த ஊதிப் பெருசாக்குறதா இது?”

“இல்ல மச்சான். சின்னச் சத்தம் கதவுல நிக்கிற ஆள். கதவத் தொறந்து மூடுறது மட்டுந்தான் அதுட வேல. பெரிய கரண்டு ப்ளக்கால வருது. ஸ்பீக்கர ஆட்டுறது அதுதான்.”

யோசித்துப் பாருங்கள்! இமாமின் குரலில் ஒரு துளிகூட மண்டபத்துக்குப் போவதில்லை. நுரைச்சோலை மின்நிலையத்தில் எரியும் கரிதான் அவர் குரலின் வடிவெடுத்துத் தக்பீர் சொல்கிறது. கொலையும் கடத்தலுமாக எழுதித் தள்ளிய எனக்கு இப்படியொரு மர்மம் கிடைத்ததில்லை.

ஆனால் நான் குறையிலேயே குறியாயிருந்தேன்.

“உப்புக்காத்து இணைப்பத் திண்டிருக்குமோ?”

“வார்னிஷ் பூசியிரிக்கன்.”

“கப்பாசிட்டரத் தலைகீழாப் போட்டிருப்பாய்.”

“போட்டிருந்தா வெடிச்சிரிக்கும். உங்கட கதையில பொம் மட்டும்தான் வெடிக்காம அடுத்த கிழமைக்குக் காத்திரிக்கும்.”

கதைக்கு நான் யோசித்த முடிவு அ: சூடு. பெட்டியிலுள்ள இந்த வகை ஐசி சில்லு கடுமையாகச் சூடேறினால் தானாக வாய்மூடும். ஆறினால் மறுபடி பேசும். அழகான குறை, யாரிலும் பழியில்லை. அதையே எழுதிக் கொடு என்று கெஞ்சினேன்.

“ரெண்டு மணித்தியாலம் வெயில்ல வச்சிப் பாட விட்டன். நிக்கல்ல. இல்லாத குறைய எப்பிடி மச்சான் எழுதிக் குடுக்கிற?”

முடிவு ஆ: சிலாபத்துப் பெட்டி வருகிறது. மர்ளியா மீட்டரையும் அயனையும் துணியில் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில்—

(இந்த வரியை மூன்று தரம் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை.)

4

இன்று காலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள். நஃபீஸா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“ராத்தா, அண்டைக்கு சத்தம் டக்கெண்டு நிண்டுச்சா, இறங்கிப் போச்சா?” மர்ளியா அக்காவைக் கேட்டாள்.

“இறங்கித்தான் போச்சு. இமாம் நடந்து தூரப் போற மாதிரி.”

மர்ளியா அயனை வைத்தாள். பெட்டியைப் பாட விட்டு, சுவரிலிருந்த ப்ளக்கை இழுத்தாள். சத்தம் உடனே நிற்கவில்லை. தேய்ந்து, இறங்கி, அடங்கியது.

“ராத்தா, இப்பிடியா?”

“ஓம், இப்பிடியேதான்!”

பெட்டியிலிருந்த மிகப் பெரிய கப்பாசிட்டரைச் சுட்டினாள். “இதுல மிச்சமிருந்த கரண்டு அது. ஸ்பீக்கர் வயர் விட்டிருந்தா டக்கெண்டு வெட்டுப்படும். மச்சான்… குறை பெட்டிக்குள்ள இல்ல.”

பிறகு என்னைப் பார்த்தாள். “அண்டைக்குப் பிந்தி வந்து பள்ளி விறாந்தையில, பெட்டிட ப்ளக் இருந்த இடத்தில நிண்டது நீங்கதானே. ப்ளக் கிட்ட யாரும் வந்தாங்களா?”

என் பதில்கள்: பூனை. (வாசகர் சிரிப்பார்.) மின்வெட்டு. (ஆண்கள் பக்கம் விசிறி சுற்றியது.) “காணல்லியே.” (சொன்னது இதைத்தான்.)

அவள் தலையாட்டிவிட்டு, பெட்டியைப் பத்தாவது தரம் திறக்கத் திருகாணிச் சாவியை எடுத்தாள்.

இந்தப் பக்கத்தை வாசித்ததும் அவள் என்னை என்ன செய்வாள்? அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் எழுத முடிந்தது இன்னொன்றுதான். ஹாஜியார் இந்தப் பத்திரிகையின் முதல் வாசகர். குறையை எழுத்தில் கேட்டிருந்தார்.

ஹாஜியார் அவர்களுக்கு: அன்று என் தொடரின் கடைசிப் பத்தி அச்சுக்குப் போகவேண்டியிருந்தது. அதை அனுப்ப ஃபோனில் சார்ஜ் இல்லை. விறாந்தையில் ஒரேயொரு ப்ளக் பொயின்ட். யாருடைய வயர் என்று பாராமல் கழற்றி, என் சார்ஜரைச் செருகினேன். நாலு நிமிடம்.