தைத்துக் கொடுத்த விடைத்தாள்

என் பேத்திக்கு வீட்டில் ராக்கெட் என்று பெயர். அவள் உட்கார்ந்தால் நாற்காலிக்கு மூச்சு வாங்கும். டாக்டர் பார்த்துவிட்டு, "இது ஏ.டி.ஹெச்.டி. சேட்டையும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. கவனம் நிக்க அவளுக்கு வேற வழி வேணும்" என்றார்.

வழி என்று நாங்கள் வீட்டையே ஊமையாக்கினோம். நான் தும்மக்கூடத் தெருமுனைக்குப் போய்வந்தேன். கணக்கில் மறுபடியும் முட்டை! ஆண்டுப் பரீட்சையிலும் கோட்டை விட்டால் அதே வகுப்புதான்; உயிர்த்தோழி மட்டும் மேலே போய்விடுவாள்.

ராக்கெட் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தோடு என் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். என் தையல் கடையை மூடிய அன்றே அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். மிதித்தால் கீழ்ச்சக்கரம் மட்டும் சத்தமில்லாமல் சுற்றும். கால் மிதிக்க மிதிக்கக் கை கணக்குப் போட்டது. தப்பானதை அழித்தாள், மறுபடி போட்டாள். அவள் மிதித்த மிதிக்கு நிலாவுக்கே போய்வந்திருக்கலாம்.

மெஷினில் உட்கார்ந்தே பரீட்சை எழுதலாமா என்று தலைமையாசிரியையிடம் அவளே போய்க் கேட்டாள்.

"இது பரீட்சை ஹாலா, தையல் கடையா?"

"என் கால் ஓடினாத்தான் மூளை நிக்கும் மிஸ்."

அவர் யோசித்தார். "சத்தம் வந்துச்சோ, மெஷினும் வெளிய, நீயும் வெளிய."

பரீட்சையன்று நானும் மருமகனும் மெஷினைத் தூக்கினோம்.

"மாமா, என் இடுப்பு போச்சு!"

"இன்னும் நம்ம வாசலையே தாண்டல மாப்பிள்ளை!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாதிப் பக்கம் தாண்டாதவள் கூடுதல் தாள் கேட்டுக் கேட்டு வாங்கினாள். கடைசி மணியடித்தது. தாள்களைக் கட்டும் நூல் அவள் வரிசைக்கு வரவில்லை. பொறுப்பாளா? மெஷின் டிராயரில் கிடந்த பெல்ட்டை எடுத்து மாட்டினாள். ஊசியில் நூல் கோத்தபடியே இருந்தது.

டகடகடகடக!

தலைமையாசிரியை பறந்து வந்தார்.

"சத்தம் வரக்கூடாதுன்னேன்ல?"

"பரீட்சைதான் முடிஞ்சிருச்சே மிஸ். நூல் வரல, தைச்சுட்டேன்."

அவர் தையலை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பக்கங்களைப் புரட்டினார். எல்லாக் கணக்கும் கடைசி வரி வரை போட்டிருந்தது.

"தையலும் நேரா இருக்கு, கணக்கும் நேரா இருக்கு. போடி!"

ராக்கெட் பாஸ். என் மெஷினும் மேல் வகுப்புக்குப் போய்விட்டது. தோழியும் அதில் ஒரு மிதி மிதித்துப் பார்க்க வேண்டுமாம், தினமும் நச்சரிக்கிறாள்.