இரண்டு நிமிஷக் கதவு

குந்தவை பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருவையாற்றிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பூதலூர் உழவர் குழு அலுவலகத்தில் இறங்கிய அந்தத் தை மாதக் காலையில், அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வெடிக்காமல் என்ன செய்யும்? சென்னை வேலையை உதறிவிட்டு வந்து அவள் தனியாக எழுதிய முதல் மென்பொருள். எந்த அறுவடை வண்டி எந்த வயலுக்கு, எப்போது போகும் என்று குழுவின் கம்ப்யூட்டரிலேயே பதிந்துகொள்ளலாம். அவள் வீட்டில் அது ஜோராக ஓடியது. இங்கே மட்டும் லாகின் ஆகாமல் வாசல்படியிலேயே தடுக்கி விழுந்தது. சம்பாப் பயிரோ முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. குழுத் தலைவி பிரகதாம்பாள் முந்தின நாளே போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "நாளை மத்தியானத்துக்குள்ள ஓடலைன்னா எடுத்துடும்மா. நாங்க பழையபடி போன்லயே பேசிக்கிறோம்." முதல் ஆளே வேண்டாம் என்று தள்ளியதை இரண்டாவது ஆள் எதற்கு வாங்குவான்?

"வாம்மா குந்தவை, மோர் குடிக்கிறியா?" என்றார் துரைராசு. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். அவள் அப்பாவோடு படித்தவர், அதனால் மாமா.

"முதல்ல இதைப் பாப்போம் மாமா."

விஷயம் இதுதான். அவளுடைய நிரல் யாரிடமும் கடவுச்சொல் கேட்காது. லாகினை அழுத்தினால் பிரவுசர் திறக்கும். மெயில் கம்பெனி, நுழைகிற ஆள் யாரென்று விசாரித்து, 'இவர்தான், சரி' என்று ஒப்புக்கொண்டதும், பிரவுசர் அந்தச் சேதியோடு அதே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கதவுக்குத் திரும்பி வரும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிரல் அங்கே காத்திருக்கும். மாமாவுக்கு விசாரணை எல்லாம் ஒழுங்காக முடிந்தது. திரும்பி வருகிற இடத்தில்தான் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று ஒரு வெள்ளைப் பக்கம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

குந்தவை வைரஸ் தடுப்பைத் திட்டினாள், நிறுத்தியும் பார்த்தாள். கதவின் எண்ணை மாற்றினாள். தன் கணக்கைப் போட்டு நுழைந்தாள், உடனே திறந்தது. மாமாவுக்கு மட்டும் திறக்கவில்லை. இது என்ன கூத்து!

"மாமா, நீங்க எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்க. நான் வாயே திறக்கல."

துரைராசு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'உங்கள் போனில் ஆம் என்று அழுத்தவும்' என்று திரையில் வந்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"டீ குடிக்கத்தான். நீயும் வா."

"போன்ல ஆம் அமுக்கணுமே!"

"அது என் போன்ல எங்க வருது? குணாவுக்குல்ல போகும். கிரேன் மேல இருக்கையில அவன் போனைத் தொடக்கூடாதாம். இறங்கி வந்துதான் அமுக்குவான். ஒரு டீ குடிச்சுட்டு வந்தா சரியா இருக்கும்."

குணசேகரன் அவருடைய ஒரே மகன், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. இந்தப் பக்கம் பாதி வீடுகளில் அப்பாவின் மெயில், அக்கரையில் இருக்கிற மகனின் சட்டைப்பையில்தான் கிடக்கும். குந்தவைக்கு இது தெரியாததா? அவள் சித்தப்பா வீட்டிலும் அதே கதைதான்.

"ஐயோ மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் கதவு திறந்திருக்கக் கூடாது, பாதுகாப்பு முக்கியம் என்று பெருமையாக எழுதி வைத்த மகராசி அவள்தான். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கதவைச் சாத்திய கெட்டிக்காரி! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க நம்பருக்கே மாத்திடறேன் மாமா. இல்லன்னா ஒரு தடவை நுழைஞ்சா அப்புறம் கேக்காத மாதிரி பண்ணிடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

 துரைராசு துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார்.

"வேண்டாம்மா. அவங்கம்மா போனப்புறம் என்கிட்ட என்ன பேசறதுன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஞாயித்துக்கிழமை பேசுவான், 'நல்லா இருக்கீங்களா, இருக்கேன்', முடிஞ்சுது. இந்த ஆபீஸ்ல என் மெயிலைத் திறக்க ஆரம்பிச்சப்புறம்தான் தினம் கீழ இறங்கி வந்து அமுக்கிட்டு, ஒரு போனும் போடறான். பேச ஒரு சாக்கு கிடைச்சுது. அதையும் பிடுங்கிடாத."

குந்தவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து அந்த இரண்டு நிமிஷத்தை எடுத்தெறிந்தாள். யாராவது 'வேண்டாம்' என்று அழுத்தும்வரை இனிக் கதவு திறந்தே இருக்கும். மாமா மறுபடி லாகினை அழுத்தினார். இருவரும் டீக்கடைக்கு நடந்தார்கள்.

டீ பாதி குடிக்கையில் போன் அடித்தது. "அப்பா, அமுக்கிட்டேன். சாப்டீங்களா? முட்டிவலி எப்படி இருக்கு?" என்ற குரல் குந்தவைக்கே கேட்டது. மாமா முதுகைத் திருப்பிக்கொண்டு, வடவாற்றுத் தண்ணீரிலிருந்து பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. திரும்பி வந்தால், திரையில் வண்டிகளின் பட்டியல் பளிச்சென்று திறந்து காத்திருந்தது.

மத்தியானம் பிரகதாம்பாள் வந்து, நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். தன் கீழவயலுக்குத் தானே ஒரு வண்டியைப் பதிந்து பார்த்துவிட்டு, "ம், இருக்கட்டும். அடுத்த போகத்துக்கும் இதுவே ஓடட்டும்" என்றார். குந்தவைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போகிறவர் வாசலில் நின்றார். "ஏம்மா, தினமும் அந்தப் பிள்ளைய சிங்கப்பூர்ல ஏத்தி இறக்கணுமா? ஒரேடியா உள்ள விட்டுடற மாதிரி வழி கிடையாதா?"

துரைராசு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடையாதுங்க" என்றாள் குந்தவை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.