காணாத லாபத்துக்கு வரி

டிசம்பர் முப்பத்தோராம் தேதி மத்தியானம், அண்ணை குகதாசன் என்னை ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் உள்ள தன் வீட்டுக்கு வரச் சொன்னார். தாயும் மகளும் இரண்டு நாளாகக் கதைப்பதில்லை, நடுவில் இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நடுவில் இருக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் மனைவி, என் மச்சாள் உதயகுமாரி இருக்கும் வீட்டில் நடு என்று ஓர் இடம் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

விஷயம் இதுதான். மகள் கம்சிகா கலிபோர்னியாவில் ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை செய்துவிட்டு ஆவணியில்தான் ஒஸ்லோவுக்குத் திரும்பியிருந்தாள். கொம்பனியின் பங்குகளை இரண்டு டொலருக்கு வாங்கும் உரிமை அவளுக்கு இருந்தது. அவள் அங்கே இருந்தபோது வெளியில் விலை நாற்பது. பாதியை இந்த வருடமும் மீதியை அடுத்த வருடமும் வாங்கினால்தான் வரியைத் தாங்கலாம் என்று அங்குள்ள கணக்காளர் சொல்லியிருந்தார். மச்சாளோ சீட்டெடுத்த காசை அனுப்பி, அட்சய திருதியையன்றே முழுவதையும் வாங்க வைத்தார். அரைகுறையாக வாங்கினால் அரைகுறையாகத்தான் பெருகும் என்பது அவருடைய கட்சி.

பெருகவில்லை. நாற்பது, ஒன்பதாகிவிட்டது.

நான் போனபோது கம்சிகா மடிக்கணினியோடு சோபாவில் இருந்தாள். மச்சாள் சமையலறையில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். எனக்காகவும் அந்தக் கிரைண்டர் நிற்கவில்லை. அதற்கு மேலாகக் குரலை உயர்த்திக் கம்சிகா விளக்கினாள். அமெரிக்காவில் வரியை இரண்டு விதமாகக் கணக்குப் பார்ப்பார்களாம். எது கூடவோ அதைக் கட்ட வேண்டும். பங்கை விற்காமல் வைத்திருந்தால் முதல் கணக்கு அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது கணக்கோ வாங்கிய அன்றிருந்த முப்பத்தெட்டு டொலர் லாபமும் கைக்கு வந்ததாகவே வைத்துக்கொள்ளும். இன்றைக்குள் விற்றால், மெய்யாகக் கிடைக்கும் ஏழு டொலருக்கு மட்டும் வரி. நாளைக்கென்று விட்டால், பங்கு முழுவதையும் விற்றாலும் அந்த வரியைக் கட்டக் காணாது.

அப்படியென்றால் விற்றுவிட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"அது அம்மான்ரை சீட்டுக்காசு, சித்தப்பா. அவ ஓம் எண்டால்தான் தொடுவன்."

"அட்சய திருதியையிலை வாங்கினதை ஆரும் விக்கிறதோ?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இருக்கிற லட்சுமியும் எழும்பிப் போயிடுவா."

சட்டம் மச்சாளிடம் எடுபடாது. ஆகவே சின்னவள் ஆரபி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டைப் பேச்சில் எடுத்தேன். லில்லெஸ்ட்ரோம் மண்டபக்காரன், எத்தனை பேர் வந்தாலும் முந்நூறு தட்டுக்குக் குறையாமல் காசு என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தான். அன்றைக்குப் பார்த்துப் பனி கொட்டி ரயிலும் நின்றது. பாதிப் பேர்கூட வரவில்லை.

"முந்நூறுக்கும்தானே கட்டினனீங்கள், மச்சாள்?"

கிரைண்டர் நின்றது. மச்சாள் மாவுக்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"அப்ப இவங்களும் தின்னாத சோத்துக்குக் காசு கேக்கிறாங்களோ?"

"ஓம் அம்மா. இண்டைக்குள்ளை வித்தால் திண்ட தட்டுக்கு மட்டும்தான்."

"ஒருக்கால் ஏமாந்தது காணும். வில்."

நியூயோர்க் சந்தை எங்களுக்குப் பின்னேரம்தான் திறக்கும். திறந்ததும் மச்சாள் திரைக்கு முன்னால் கைகூப்பி நிற்க, கம்சிகா விற்றாள். லட்சுமி எங்கேயும் போகவில்லை, சீலைதான் மாற்றியிருக்கிறா என்று மச்சாள் தீர்ப்புச் சொன்னார்.

அதுவரை ஒரு மூலையில் ஒதுங்கியிருந்த அண்ணைக்கு அப்போதுதான் உற்சாகம் வந்தது. ஒன்பது டொலர் நல்ல மலிவு, வருடம் பிறந்த கையோடு அதே பங்கைத் திரும்ப வாங்கிவிடுவோம் என்றார். கம்சிகா இடைமறித்தாள். முப்பது நாளுக்குள் வாங்கினால் இப்போது கிடைத்த சலுகை பறிபோய்விடும், பழைய வரி திரும்ப வந்து நிற்கும் என்றாள். முப்பது நாளைக்கு விலை காத்துக்கொண்டு நிற்குமோ என்று அண்ணை கேட்டார். அவள் பாதி நோர்வேஜிய மொழியில் மன்றாடிப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

"மார்கழியிலை ஆரும் புதுசாய் வாங்குவினமோ?" என்றார் மச்சாள். "தைப்பூசம் வரட்டும்."

கம்சிகா அவசரமாகக் கைபேசியில் தைப்பூசத்தைத் தேடினாள். பெப்ரவரி பதினொன்று. பிறகு தாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ஓம் அப்பா. மார்கழியிலை கூடாது."

"போன மார்கழியிலை கார் வாங்கினவள்தானே நீ," என்று அண்ணை முணுமுணுத்தார்.

மச்சாள் வடை சுடப் போனார்.