சாகாத வேஷம்

கேரவனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டுக்குள் வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

படப்பிடிப்பில் அவளுக்குப் பெயர் 'பொணத்தக்கா'. படுக்கையறையும் கொலையுமாக ஓடும் படங்களில் முதலில் சாகிறவள் அவள்தான். கதவோரம் நின்று ஒரு பார்வை, அடுத்த காட்சியில் குளியல் தொட்டியில் பிணம். கறுப்பு உடம்பு ரத்தத்தோடு நன்றாக எடுபடுகிறது என்று ஒரு கேமராமேன் பாராட்டியதுகூட உண்டு. மூச்சை அடக்கிக் கிடப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்தப் படத்தில் நாயகியே கறுப்பி. ஊரே அவளைப் பார்த்துக் கிறங்க வேண்டும். ஆசைப்படுகிறவளும் அவளே, கொல்கிறவளும் அவளே, கடைசிவரை உயிரோடு இருப்பவளும் அவளே. இதுவரை யாரும் காட்டாத பெண்ணைக் காட்டப் போகிறேன் என்று டைரக்டர் பேட்டி கொடுத்திருந்தார். ஒத்திகையில் இவள் பேசி முடித்ததும் டைரக்டர், வேஷம் உனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அம்மாவின் படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மகள், அன்று அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"இதுல நீ சாவலைல்ல?"

"இல்லடி. நான்தான் கொல்றேன்."

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

இப்போது உதவி டைரக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்த மாதிரிக் காட்சிக்கு ஜனங்களுக்குத் தெரிந்த முகம் இருந்தால்தான் படம் விலைபோகுமாம். பெரிய நடிகை ஒருவரைப் பேசி முடித்து, அவர் வந்தும் விட்டாராம்.

"அவங்க செவப்பாச்சே தம்பி. கதையே கறுப்புப் பொண்ணோடதுதானே?"

"பூசிக்கலாம்க்கா." போகத் திரும்பியவன் நின்றான். "போயிடாதீங்க. மேக்கப்புக்கு நீங்க வேணும்."

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். போனால் அடுத்த படத்தில் பிணமாகக் கிடக்கவும் கூப்பிட மாட்டார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு கேரவன் படியேறினாள்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. நடிகை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வருஷக்கணக்காக இவள் கழுத்தில் கத்திக் காயம் வரைந்த மேக்கப்காரர் தலை நிமிரவில்லை.

"கையை நீட்டும்மா."

நீட்டினாள். அவர் அதை விளக்குக்கு அடியில் இழுத்துவைத்து, சாயத்தைக் குழைத்து, நடிகையின் கன்னத்தில் ஒரு தீற்று தீற்றினார். கையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்தார். நிறம் அச்சாகப் பொருந்தியது.

நடிகை கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தார்.

"இவ்ளோ வேணாம். கொஞ்சம் கம்மி பண்ணுங்க. பாக்க அழகா இருக்கணும்ல."

மேக்கப்காரர் பஞ்சை நனைத்துக் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தார். இவள் கை விளக்குக்கு அடியில் நீட்டியபடியே இருந்தது.